கூப்பிய கையோடு பேசினேன்

இன்று காலை வார்டு மீட்டிங்கில் இருந்தவர்கள்: குடிநீர் இன்ஜினியர், அவருடைய கிளார்க், அடுத்த தெருக்காரர்கள் நாலு பேர், பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவிலிருந்து விமலாவும் நானும்.

எங்கள் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. விமலாவின் மகள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பஜனைக் குழுவின் கணக்கைப் பார்க்கிறவள் என்பதால் தெருக்காரர்கள் என்னைப் பேசச் சொன்னார்கள்.

பூஜை அலமாரி முன்னால் நின்றுதான் பேசிப் பழகினேன். அங்கே நின்றால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும்.

இன்றும் அப்படியே ஆனது. காட்டுவதற்காகக் கொண்டுபோன குழாய்த் தண்ணீர் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கைகூப்பித் தலைகுனிந்து, "சார், எங்க தெருவுல..." என்று ஆரம்பித்தேன்.

அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். "ஆய்த்தம்மா, கூத்கொள்ளி", சரிம்மா உட்காருங்க, என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த தெருவைக் கூப்பிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் விமலா அழுதாள். "ஏன்க்கா, பேசப் போனீங்களா, கும்பிடப் போனீங்களா?"

திங்கட்கிழமை மறுபடி மீட்டிங். ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொள்வேன், கூப்ப முடியாது.

இன்னொரு கையை எங்கே வைத்துக்கொள்வது? கூட்டத்தில் பேசிப் பழகியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.