நெல் வேரில் முடிச்சுத் தேடிய போகம்

ஒரு போகம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பெண்டாங்கு வயல்வெளிக்குப் போய், நன்றாக நின்றுகொண்டிருந்த நெற்பயிரைப் பிடுங்கி, வேரை வாய்க்காலில் கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தவன் நான். வேரில் முடிச்சு இருக்கிறதா என்று தேடினேன். நெல் வேரில் அந்த முடிச்சு வருவதே கிடையாது. அது எனக்குத் தெரியப் பல வருடம் ஆனது. அதற்குள் இன்னொருவன் வாழ்க்கையில் நான் கைவைத்து முடித்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. மலாயாவில், குருண் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி; ஆளை வேலையில் சேர்ப்பதும் வேலையைவிட்டு நிறுத்துவதும் என் ஏட்டில்தான். கிராணி என்றால் பாதி துரை என்று நாங்களே நினைத்துக்கொள்வோம். துரை அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அவர் படித்துவிட்டுப் போடும் ஆங்கிலப் பத்திரிகைகளைப் பங்களாவிலிருந்து அள்ளிக்கொண்டு வருவேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படி வந்த ஒன்றில்தான் அந்தக் கட்டுரை இருந்தது. நெல்லின் வேரில் சில நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றனவாம். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றனவாம். ஒருநாள் உர மூட்டைக்குப் பதிலாக இவையே போதும் என்று ஆகலாமாம். அந்த ‘ஆகலாம்’ என் கண்ணில் படவில்லை. கட்டுரையின் மீதி பின்னால் வேறு பக்கத்தில் என்று போட்டிருந்தது. நான் புரட்டவில்லை. மீதியை ஊகித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஊகிக்கக் காரணமும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்யும்போது, கன்றுகளுக்கு நடுவே அவரை இனத்துக் கொடி ஒன்றைத் தரைமூடப் படரவிடுவார்கள். விதைப்பதற்கு முன் அந்த விதையைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, பொட்டலத்தில் வரும் கறுப்புப் பொடியில் புரட்டி எடுப்பார்கள். பொடிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி. கொடி படர்ந்த பிறகு, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஒரு கொடியைப் பிடுங்கி, வேரில் மிளகு மிளகாகத் தொங்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்ப்பார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் சம்பளத்துக்குத் தண்டம். ரப்பர் காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு மண்ணுக்குள் நடப்பதைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். பொடி கையில் இருக்கிறது. நெல்லுக்கும் வேர் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு வயல் வேண்டும். அது என் மனைவியின் தம்பியிடம் இருந்தது.

இருட்டோடு எழுந்து ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போகும் பிழைப்பு இனி வேண்டாம் என்று கிளம்பியவன் அவன். பெண்டாங்கில் ஒரு ஹாஜியிடம் பேசி அவனுக்கு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். ஹாஜி சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: “இந்தப் போகம் பார்ப்பேன். நல்லா விளைஞ்சா நிலம் உனக்குத்தான். இல்லேன்னா கேட்டுக்கிட்டு இருக்கிற வேற ஆளுக்கு.” அந்த ஒரே அறுவடையில் அவன் விவசாயியா, மறுபடியும் பால்மரத்துக்காரனா என்பது முடிவாகிவிடும். நிலம் வாங்கிக் கொடுத்தவன் பேச்சைத் தட்ட அவனுக்கு வாய் வரவில்லை.

“பாதி வயலுக்கு மட்டும்தான்,” என்றேன், ரொம்பப் பெரிய மனசோடு.

“அந்தப் பாதிக்கு யூரியா போடக்கூடாதா மாமா?”

“போட்டா கிருமி சோம்பேறி ஆயிடும். நம்ம தோட்டத்துக் கொடியிலேயே பாத்திருக்கோம்.”

“அட்வான்ஸ் குடுத்தா வேலைக்கு வராத ஆளு மாதிரியா?”

“அதேதான்!” என்றேன் மகிழ்ச்சியாக. அது கிண்டல் என்பது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது.

ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த பொட்டலங்களை மண்டோரிடம் கேட்டு வாங்கிவந்தேன். பொடி விதைநெல்லில் ஒட்டுவதற்காக மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். “நெல்லுக்கே கஞ்சி காய்ச்சி ஊத்துற வீடு இந்த மலாயாவுலயே நம்ம வீடுதாங்க,” என்றாள். நெல் கறுப்பாகி, எள் மாதிரி ஆனது. அந்தக் கறுப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்தது.

நடவு முடிந்தது. யூரியா போட்ட பாதி, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. என் பாதி மஞ்சள் காமாலை கண்டது போல் நின்றது. நான் கலங்கவில்லை. கிருமிக்கு ஊர் புதிது, பழகட்டும் என்றேன். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கி, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவேன். ஒரு மூலையில் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு இருக்காது. மறு மூலையில் இருக்கலாமே என்று அங்கேயும் பிடுங்குவேன். நடுவில்? நடுவை மட்டும் எப்படி விடுவது? பக்கத்து வயல் மலாய்க்காரர் கொஞ்சநாள் பார்த்துவிட்டு, மலாய் வழக்கப்படி ஐயா போட்டு மரியாதையாக, “தூண்டிலுக்குப் புழு தேடுறீங்களா என்சிக்? வாய்க்கால் ஓரத்துல நிறைய இருக்கு,” என்று வழிகாட்டினார்.

ஒரு ஞாயிறு மைத்துனன் யூரியா மூட்டையை வரப்பில் கொண்டுவந்து வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

“போட்டுடுறேன் மாமா. ஹாஜி நேத்து வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போனாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“இன்னும் ஒரு வாரம் பொறு. இப்பப் போட்டா இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம் வீண்.”

“என்ன செஞ்சீங்க? புடுங்கினீங்க. களை புடுங்க வர்ற பொம்பளைங்ககூட நெல்லை விட்டுட்டுத்தான் புடுங்குறாங்க லா!”

எனக்குக் கோபம் வந்தது. அவன்மீது அல்ல. துரையின் பத்திரிகைமீது, பொடிமீது, ஒரு முடிச்சுக்கூடப் போடத் துப்பில்லாத அந்த வேர்மீது. தோட்டத்தில் ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்குகிற நான், கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது வந்திருக்கிறதா, லீவா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு வாரம் என்றது இன்னொரு வாரமும் ஆயிற்று. கடைசியில் அவன் என்னைக் கேட்காமலே யூரியாவைப் போட்டான். தாமதமாகப் போட்டதில் வைக்கோல்தான் கொஞ்சம் பச்சையானது.

அறுவடைக்கு முன் ஹாஜி வந்து வரப்பில் நின்றார். நல்ல பாதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் பாதியில் அங்கங்கே சொட்டை சொட்டையாக இருந்த இடங்களைக் கைகாட்டிக் கேட்டார்:

“எலியா?”

“எலி இல்ல ஹாஜி,” என்றான் மைத்துனன். “எங்க அக்கா வீட்டுக்காரர்.”

ஹாஜி சிரிக்கவில்லை. நன்றாக விளைந்த பாதி இவனுக்கு, மற்றப் பாதி வேறு ஆளுக்கு என்று தீர்ப்பானது. பாதி நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அவன் மறுபடியும் இருட்டோடு எழுந்து பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவிவிட்டு, வெயில் ஏறியபின் வயலுக்குப் போனான். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் அவனுடைய கடைசிக் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர், எங்கள் சொந்தத்தில் பெண்ணெடுத்த விவசாய இலாகா அதிகாரி. பிரியாணி முடியும்வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கட்டுரை சொன்னது உண்மையா பொய்யா என்று கேட்டேவிட்டேன்.

“உண்மைதான் அங்கிள்,” என்றார். “நெல் வேர்ல அந்த மாதிரி பாக்டீரியா இருக்கு. ஆனா அவரைக்கு வர்ற மாதிரி முடிச்செல்லாம் போடாது. வேரை ஒட்டியும் உள்ளேயும் இருக்கும். கண்ணால பாக்க முடியாது. உங்க தோட்டத்துப் பொடியில இருந்தது கொடிக்கான இனம். அதை நெல்லுல போட்டுப் பிரயோஜனமில்ல. நெல்லோடது நீங்க போடாமலே வயல்ல இருந்திருக்கும், கொஞ்சமா. அதை உரமா ஆக்க முடியுமான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் கழித்து, என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது! “கேட்டியா? இருந்திருக்காம்!” என்று மைத்துனன் பக்கம் திரும்பினேன்.

அவன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

“கேட்டேன் மாமா. அதுங்க பாட்டுக்கு ஒழுங்காத்தான் வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்குங்க. நீங்கதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து, ஒவ்வொண்ணா வேலையவிட்டு நிறுத்திட்டுப் போயிருக்கீங்க. கிராணி புத்தி எங்க போகும்?”