எறா இல்லை என்றார்

திருப்பதி வரிசையில் நின்று கால் கடுத்துப்போய், வீடு திரும்பும் வழியில் சூளூர்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். ஆந்திராவுக்குக் குடிவந்து மூன்றே மாதம். எனக்குத் தெலுங்கு வராது. மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதால், கத்திரிக்காய்க் குழம்பைக் காட்டி, "இதுல எறா இருக்கா?" என்று கேட்டேன்.

"எர்ரா? லேதம்மா. பாப்பா தினொச்சு" என்றார் பரிமாறியவர். இல்லை, பாப்பா சாப்பிடலாம் என்று புரிந்தது. அத்தனை ருசி, நானே அவளுக்கு இரண்டாம் முறை ஊற்றினேன். கை கழுவுவதற்குள் அவள் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, தமிழ் தெரிந்த நர்ஸ் சொன்னார்: "எர்ரன்னா தெலுங்குல சேப்பும்மா. மொளகாய் போட்டு சேப்பா, காரமா இருக்கான்னு கேக்குறீங்கன்னு நெனச்சிக்கினு இருப்பாரு. எறாவுக்கு ரொய்யலுன்னு சொல்லணும்."

அதைக் கடைகடையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் எந்தக் கடையிலும் உட்காரும் முன்பே, ரொய்யலு என்ற அந்தத் தெலுங்குச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.