சத்து டானிக்

தலைப்பிரசவம் தாய் வீட்டுக் கடமை, இரண்டாவது புருஷன் வீட்டுப் பாடு. இதையெல்லாம் பெரியவர்கள் சரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பிறக்கும்போது மூத்ததை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. சாஜிதா பேகத்தின் தலையில் வந்து விடிந்தது அதுதான்.

ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். வார்டுக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம், அது மாமியார். கணவன் உமர் பாரூக் ரத்தத்துக்கும் மருந்துக்கும் ஓடுவதற்கு வெளியே நிற்க வேண்டும். மிச்சம் நாலு வயது அஃபான். ஒரு வாரம் அவனை யாரிடம் விடுவது?

வேறு பிள்ளை என்றால் ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அஃபானுக்கு வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் ஒரு மூடி மருந்து தவறாமல் உள்ளே போனால் அவனைப் போல் சேட்டைக்காரன் கிடையாது. எட்டு மாதமாக ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கவா போகிறார்கள்? உடுமலையில் இருக்கும் அக்கா நிலோஃபர் போனிலேயே அழுதுவிட்டாள். "எனக்கு அவன்னா உசுருடி. ஆனா எங்கிட்ட இருக்கறப்ப ஏதாவது ஆயிப்போச்சுன்னா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" நாத்தனார் ரிஃபத்துக்கு அந்த வாரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். எல்லாரும் பாசமாகவே கையை விரித்தார்கள். வெடுக்கென்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டவாவது செய்திருக்கலாம்.

கடைசியில் பக்கத்துப் போர்ஷன் சூசைமேரிதான் கேட்காமலே வந்து நின்றாள். ஐம்பது வயதுக்காரி, தனிக்கட்டை, தையல் கடைகளுக்குப் பட்டன் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவள். "ஏனம்மணி, எதுக்கு இத்தன பேரைக் கெஞ்சிட்டிருக்கே? எங்கிட்ட உட்டுட்டுப் போ. நான் பாத்துக்க மாட்டேனா?"

சாஜிதா அன்று சாயங்காலமே அஃபானின் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் பழைய வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே வாசலில் அஃபான் விழுந்து இழுத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை அவனோடு விளையாட விட்டதே இல்லை. அதற்காகத்தான் வீடு மாறி வந்தார்கள். நாளைக்கு அட்மிஷன். இந்தக் கதவும் சாத்திக்கொண்டால்?

"இது என்ன மருந்து கண்ணு?"

"சத்து டானிக்குங்கக்கா. காலைல ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி."

பாவி! பாட்டிலில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. சூசைமேரி அதைப் படிக்கப் போவதில்லை. "எல்லாம் வெவரமாச் சொல்லிட்டியா?" என்று உமர் கேட்டபோதும் "ம்" என்று தலையாட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. தினமும் போனில், "டானிக் குடுத்தீங்களாக்கா?" என்று ஒரு தடவை கேட்பாள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஒடம்பைப் பாரு கண்ணு" என்பாள் சூசைமேரி. அழுத்திக் கேட்டால், ஒரு டானிக்குக்கு இவ்வளவு பதற்றமா என்று சந்தேகம் வரும். சாஜிதா அதோடு விட்டுவிடுவாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு கெட்டாள்.

இரண்டாம் நாளே அஃபானுக்குச் சளி பிடித்திருந்தது. டானிக்கைக் குடித்ததும் வாந்தி எடுத்தான். முதலில் சளி போகட்டும், சத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று சூசைமேரி பாட்டிலை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஐந்தாம் நாள் காலை, தோசை தின்றுகொண்டிருந்த பிள்ளை அப்படியே சாய்ந்தான். வலிப்பு நிற்கவே இல்லை. ஆட்டோவில் போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். கண் திறப்பானா, திறந்தாலும் பழையபடி பேசுவானா என்று கேட்டதற்கு, "ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றாராம் டாக்டர். கையோடு எடுத்து வந்திருந்த டானிக் பாட்டிலில் இருப்பது என்ன மருந்து என்பதையும் அவர்தான் சூசைமேரிக்குச் சொன்னார்.

அவள் நேரே சாஜிதாவின் கட்டிலுக்கு வந்தாள். சேலையெல்லாம் பிள்ளையின் வாந்தி.

"சொல்லியிருந்தாலும் புள்ளைய வெச்சிருப்பேனே கண்ணு," என்றாள் மெதுவாக. "என் தம்பிக்கும் இதேதான். அவன் சாகற வரைக்கும் நான்தான் பாத்தேன். எனக்கு என்ன பயம்?"

சாஜிதா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.

அந்நேரம், வாசலில் இருந்தவர் தடுக்கத் தடுக்க உமர் பாரூக் உள்ளே வந்தான். "ஏனுங்க, அத்தனை சொல்லியும் மருந்தை நிறுத்திப்போட்டீங்களாமே! நீங்கெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது.

சூசைமேரி சாஜிதாவைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த பச்சைக் குழந்தையைப் பார்த்தாள்.

"மறந்துபோட்டேனுங்க தம்பி. எம்மேலதான் தப்பு."

"இனி எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். நீளமான வார்டு, கதவுவரைக்கும் இருபது கட்டிலாவது இருக்கும். "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட அந்தத் தூரம் தாராளம்.

"புள்ள அழுவுது, பால் குடு" என்று தூக்கிக் கொடுத்தாள், உமரின் பின்னாலேயே வந்த மாமியார். சாஜிதா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.