சங்கையா பேர் சொன்ன மரங்கள்

திருச்சுழிக்குத் தெற்கே மானாவாரி விவசாயம் பார்த்த சங்கையாவிடம் மரத்தைப் பற்றி வாய் கொடுத்தால் லேசில் மீள முடியாது. ஆள் வைத்து வளர்த்தால்தான் அது தோப்பு என்பார். சோளம் விதைக்கிற கரிசலுக்குப் பேர் காடு, முள் மண்டிக் கிடந்தால் உடங்காடு. மாற்றிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இத்தனை பேசுகிறவர், ஊருக்கு மேற்கே அய்யனாரைச் சுற்றி நின்ற இரண்டு ஏக்கரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். ஊரே திறக்காது. அங்கே நிற்பது மரமில்லை, ‘அவுக’. சுள்ளி ஒடிக்கக் கூடாது. இன்ன மரமென்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது.

1991இல் விறகைக் கரியாகச் சுடுகிற கரிமூட்டத்துக்கு முள் ஏலம் விடுவதற்காக ஓர் அதிகாரி வந்தார். விவரம் தெரிந்தவரென்று சங்கையாவைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். அய்யனார் பக்கம் கைகாட்டி, அங்கே என்ன மரம் என்று கேட்டார்.

“அங்க மரம்னு ஒண்ணும் இல்லீங்க” என்றார் சங்கையா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அந்தச் சோம்பேறி அதிகாரி எட்டிக்கூடப் பார்க்காமல் ‘முட்புதர்’ என்று எழுதி, அதையும் ஏலத்தில் சேர்த்துவிட்டுப் போனான்.

ஏலம் எடுத்தவர் பாளையம்பட்டி விறகுக்கடை தனுஷ்கோடி. அவருடைய ஆட்கள் அய்யனார் பக்கம் கோடாரியோடு இறங்கிய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. ஆளாளுக்குச் சங்கையாவைக் காறித் துப்பினார்கள். துப்பியவர்களில் ஒருத்தராவது போய் மறித்தார்களா என்றால் அதுவும் இல்லை. சிதறுகிற சிராய் அடுப்புக்கு ஆகுமென்று சாக்கோடு ஓரத்தில் காத்திருந்தார்கள். அவுக போன பிறகு அது வெறும் விறகுதானாம். என்ன ஜென்மங்களோ.

சங்கையா பஸ் ஏறி அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார். சாமிகுத்தம் வந்தால் வரட்டுமென்று, ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவுக பேரைச் சொன்னார். வடக்கே இருபது உசிலை, எல்லாம் வைரம் பாய்ந்தவை. குண்டாங்கல் பாறைப் பக்கம் பதினோரு வேம்பு, ஒருத்தர் கைக்கு அடங்காது. பெற்ற தாயின் உடம்பை நாலு பேர் முன்னால் அங்கம் அங்கமாகச் சொல்வதுபோல அவருக்கு நாக்கு கூசியது.

முடிந்த ஏலம் முடிந்ததுதான் என்று அதிகாரி பேப்பரை மூடிவிட்டார். பின்பெஞ்சில் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்ததைச் சங்கையா அப்போதுதான் கவனித்தார்.

“நல்லவேள சொன்னீக அண்ணாச்சி” என்று தனுஷ்கோடி எழுந்து வந்தார். “வெட்டுற பயக மூச்சு விடல. மொத்தத்தையும் கரிக்குப் போட்டுருப்பேன். உசிலையவும் வேம்பையும் மர விலைக்குத் தனி லோடா ஏத்திருறேன்.”

தோளில் கை போட்டு வாசல் கடைக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். அதை அந்த மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். சங்கையா குடித்துத் தொலைத்தார்.