இடது கழுத்தில் ஒரு பூரான்

அந்தப் பண்ணையின் ஆபீஸ் ரூமில், நம் வீடுகளில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில், ஒரு குதிரையின் படம் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். குட்டையான உடம்பு, அகன்ற மார்பு, தோளிலிருந்து நேரே எழும்பி வளைகிற கழுத்து, விரல் நீளத்துக்குக் கூர்மையான இரண்டு காதுகள். "இவர்தான் எங்க தாத்தா" என்று பண்ணைக்காரி முதல் நாளே அறிமுகப்படுத்தினாள். சிரிக்காமல் சொன்னாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். என் கணவர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதப் போவார். நான் ஊரில் கால்நடை டாக்டர். இங்கே அந்த டிகிரியை வைத்து டீ டம்ளரை மூடலாம், அவ்வளவுதான். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, கிரீன் கார்டு வந்த கையோடு, இருபது நிமிஷ டிரைவில் இருந்த அந்த மார்கன் குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். லாயம் கூட்டுவது, வைக்கோல் போடுவது, குளம்பு சுத்தம் பண்ணுவது. "டாக்டருக்குப் படிச்சுட்டு என் பொண்டாட்டி சாணி அள்றா" என்று பாட்லக் பார்ட்டிகளில் அவர் ஜோக்கடிப்பார். "சாணி மாடு போடறதுங்க. குதிரை போடறது லத்தி. அதுகூடத் தெரியாதவருக்கு எல்லாம் பேங்கை நம்பி விட்டிருக்காங்க பாருங்க" என்பேன். கூட்டம் அவரை விட்டுவிட்டு என்னோடு சிரிக்கும்.

பண்ணைக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். காலையிலும் மூன்று மணிக்கும் ஸ்கூல் பஸ் ஓட்டுவாள். மிச்ச நேரமெல்லாம் குதிரை. புருஷன் என்று ஒருவன் இருந்தானா என்றுகூடப் பேச்செடுக்க மாட்டாள். ஆனால் குதிரைகளின் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு மூச்சு விடாமல் சொல்லுவாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெர்மான்ட் பக்கம் ஒரு வாத்தியாரிடம் இருந்த ஒரே ஒரு குட்டை ஆண் குதிரை. மார்கன் இனம் மொத்தமும் அதன் பிள்ளைகள்தானாம். மரம் இழுக்குமாம், உழுமாம், சாயங்காலம் பந்தயத்திலும் ஓடி ஜெயிக்குமாம், எதற்கும் முகம் சுளிக்காதாம். அந்தக் குணம் இன்றைக்கும் இந்தக் குதிரைகளிடம் இருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல மனசுள்ள பிராணிகளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சுவரில் இருந்த தாத்தா அந்த வம்சத்தில் பிற்காலத்தில் வந்தவர். அவருடைய ரத்தம் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து சேர்ந்தால்தான் அந்தக் கழுத்தும் மார்பும் குட்டியிடம் அழுத்தமாக விழும் என்று அவள் விளக்கினாள்.

"அத்தை பையனைக் கட்டற மாதிரி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எங்கம்மா அவங்க அத்தை பையனைத்தான் கட்டினாங்க. எங்க பக்கம் இது சகஜம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கழுத்து நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள்.

பண்ணையில் ஏழு குதிரைகள். அவற்றில் வயதாகிப்போன இரண்டு பெண் குதிரைகளைப் பற்றித்தான் இந்தக் கதை. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே செம்பழுப்பு நிறம், உடம்பில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. பல வருஷம் முன்பு, ஒரு கிழவர் செத்து அவருடைய பண்ணையைக் கலைத்தபோது, இரண்டையும் சேர்த்து வாங்கி ஒரே வண்டியில் ஏற்றி வந்தாளாம். ஒன்று தாத்தாவின் நேர் பேத்தி. அதை நான் மனசுக்குள் ராணி என்று கூப்பிடுவேன். அதற்கு எட்டுக் குட்டிகள் பிறந்து, ஏழு நல்ல நல்ல வீடுகளுக்குப் போயிருந்தன. கடைசிக் குட்டியை மட்டும் பண்ணைக்காரி விற்கவில்லை. அதுதான் அவள் சொந்தமாகச் சவாரி செய்கிற குதிரை. பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் அதன் மேல் ஏறிவிடுவாள்.

இன்னொன்றுக்குப் பெரிய வம்சமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார்கள். அதற்கு நான் வைத்த பெயர் டீச்சரம்மா. பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவே அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்து தாங்கிக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு மகள், நாலு வயசு. அந்த மகள் வேலியோரம் நின்று தலையைத் தூக்கினால் சுவரில் இருக்கிற தாத்தா இறங்கி வந்து நிற்கிற மாதிரியே இருக்கும். அதன் அப்பன் தாத்தாவின் வம்சம் என்பதால், பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்பன் கொடுத்தது" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு மாசம் சுமந்து பெற்றவளுக்கு ஒரு பேரும் கிடையாதா?

அந்த வருஷம் பண்ணைக்காரி குத்தகைக்கு எடுத்திருந்த மேய்ச்சல் நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அந்த வீடுகளை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான். எங்கள் வீட்டிலேயே அதன் விளம்பர பிரோஷர் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தது. மிச்ச நிலத்தில் ஆறு குதிரைக்குத்தான் புல் தேறும். ஒன்று போயாக வேண்டும். டீச்சரம்மா என்று முடிவானது.

இருபத்திரண்டு வயசுக் குதிரையை யார் எடுப்பார்கள்? பண்ணைக்காரி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வியாபாரி, வேறு மாநிலத்தில் பிள்ளைகளின் கோடை கேம்ப் ஒன்றுக்கு வேண்டும், அடுத்த சனிக்கிழமை வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றான். அவன் ஏற்றுகிற கிழக்குதிரைகள் ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கசாப்புக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அந்த கேம்ப்பை நம்ப ஆசைப்பட்டாள், பாவம்.

வெளி மாநிலம் போகிற குதிரைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த ஃபாரத்தில் குதிரையின் உருவம் வெறும் கோடாக அச்சடித்திருக்கும்; இது இன்ன குதிரைதான் என்று அடையாளம் தெரிகிற மாதிரி அதில் குறிகளை வரைந்து தர வேண்டும். கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள டாக்டர் வருவார். வரைகிற வேலை என்னுடையது. வெள்ளையே இல்லாத குதிரைக்கு எதை வரைவது? சுழியைத்தான்.

சுழி என்றால் மயிர் சுழித்து நிற்கிற இடம். என் அப்பா திண்டுக்கல் பக்கம் மாட்டுத் தரகர். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் சந்தைக்குள் நுழைவார். நுழைந்ததும் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார். இந்தச் சுழி வீட்டுக்கு ஆகும், அந்தச் சுழி ஆகாது. நான் காலேஜில் சேர்ந்த பிறகு, "வால்ல சுழி இருந்தா என்னப்பா பலன், ஈ ஓட்டுமா?" என்று அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறேன். ஆனால் கண்ணுக்குப் பழக்கம் விட்டுப் போகுமா?

டீச்சரம்மாவின் பிடரி மயிர் அடர்த்தியாக இடது பக்கம் விழுந்து கிடக்கும். அதைத் தூக்கிச் சீவினேன். அடியில், கழுத்து மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்கு, மயிர் இரண்டு பக்கமும் கால் காலாகப் பிரிந்து ஓடியது. இறங்கு பூரான் சுழி! பூரான் ஊர்கிற மாதிரியே இருக்கும். நெற்றியில் கண்ணுக்கு மேலே ஒரே ஒரு சுழி. வரைந்துகொண்டு, பதிவுக் காகிதத்தில் இருக்கிற விவரத்தை நிரப்ப ஆபீஸுக்குப் போனேன்.

டீச்சரம்மாவின் கவருக்குள் காகிதத்தோடு ஒரு பழைய அட்டை இருந்தது. செத்துப்போன அந்தக் கிழவர், குட்டி பிறந்ததும் தன் கையால் வரைந்து வைத்த படம். அதில் நெற்றியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி. கழுத்தில் ஒன்றுமில்லை. ராணியின் கவரைப் பிரித்தேன். அந்த அட்டையில் நெற்றியில் ஒரு புள்ளி. இடது கழுத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கோடுகள்.

ஓடிப்போய் ராணியின் நெற்றியைத் தடவினேன். இரண்டு சுழி. கழுத்து வழுவழு.

இத்தனை வருஷமும் மாறிப் போயிருந்தது. டீச்சரம்மாதான் தாத்தாவின் பேத்தி.

சந்தோஷத்தில் கத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏழில் ஒன்று போயாக வேண்டும். வம்சம் இல்லாதது போக வேண்டும் என்பதுதான் முடிவு. நான் வாயைத் திறந்தால் டீச்சரம்மா பிழைக்கும், ராணி வண்டியேறும். ராணியின் குட்டிகளை வாங்கியவர்களுக்கும் பண்ணைக்காரி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பண்ணையின் பெயரே ராணியின் வம்சத்தில்தான் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் காலிங் கார்டைத் தேய்த்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இறங்கு பூரானா? ஐயோ பாப்பா, அதை முதல்ல ஓட்டி விடு. வீட்டையே இறக்கிப்புடும்."

"வீடு என்னோடது இல்லப்பா."

"யாரோடதா இருந்தா என்ன? சொல்லிப்புடு. தெரிஞ்சதை மறைச்சு மாட்டை விக்கிறவன் மனுசனே இல்ல."

மனுஷன் சொன்னதில் பாதி தப்பு, பாதி ரொம்பச் சரி.

அன்று பஸ் ஓட்டிவிட்டுப் பண்ணைக்காரி வந்ததும் இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்தேன். "கழுத்துல இருக்கற இந்தக் கோடு என்னன்னு தெரியுமா?" என்றேன். "பேனா கிறுக்கல்னு நினைச்சேன்" என்றாள். லாயத்துக்குக் கூட்டிப்போய் பிடரியைத் தூக்கிக் காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினாள். பிறகு ராணியிடம் போய் நெற்றியில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஏத்திட்டு வந்த அன்னிக்கு மழை" என்றாள் கடைசியில். "பேர் எழுதின ஹால்டர் வாரை யாரோ முகத்துல மாத்தி மாட்டிட்டாங்க போல. நான் ஹால்டரைத்தான் பார்த்தேன். குதிரையைப் பார்க்கலை."

"லேபுக்கு ரத்தம் அனுப்பினா உறுதியாயிடும். நான் தப்பாப் பார்த்திருக்கலாம்" என்றேன்.

"நீ தப்பாப் பார்க்கலை. மகளைப் பார்த்தும் எனக்குத் தோணாம போச்சு பார். அப்பனாம் அப்பன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வியாபாரி வந்தான். பின்கதவைத் திறந்து பலகையை இறக்கிப் போட்டுவிட்டு, "எது?" என்று கேட்டான். ஒரு வாரமாக அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எதுவும் இல்லை" என்றாள்.

அவனுக்குக் கோபம். இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்திருக்கிறேன் என்றான். பிறகு ராணியைப் பார்த்துவிட்டு, "அதைக் கொடேன். காகிதம் மாறிப்போச்சுன்னு போன்ல சொன்னியே, அது உனக்கு இனி எதுக்கு?" என்றான்.

"எட்டுப் பிள்ளை பெத்திருக்கா எனக்கு. நான் பண்ணின தப்புக்கு அவ வண்டியேறணுமா?"

"காகிதம் மாறிச்சுன்னு யார் சொன்னது?" என்று கேட்டான் அவன்.

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க டாக்டர்."

லத்தி ஒட்டின பூட்ஸோடு, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். அமெரிக்கா வந்த பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் பலகையைத் தூக்கி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

லேப் முடிவு வர சில வாரங்கள் ஆயின. ராணியின் தகப்பன் என்று காகிதம் சொன்ன குதிரையின் ரத்தப் பதிவு அங்கே இருந்தது. அது டீச்சரம்மாவோடுதான் பொருந்தியது. அன்றே குட்டிகளை வாங்கியவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. உங்கள் குதிரையின் தாயைப் பற்றி நான் சொன்னது தவறு, நான் சரியாகப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. சாக்குப்போக்கு ஒரு வரி கிடையாது. அவ்வளவு நேர்மையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

கடிதங்களைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நான் லாயத்துக்குத் திரும்பியபோது ஒரு தடுப்பு காலியாக இருந்தது. ராணி இருந்தது. டீச்சரம்மா இருந்தது. மகளும் இருந்தது. பண்ணைக்காரி சவாரி செய்கிற குதிரையைக் காணோம். நல்ல வயசு, நல்ல உடம்பு, யாரும் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்; நான் போயிருந்த நேரத்தில் ஒரு குடும்பம் வந்து ஏற்றிப் போயிருந்தது. ஏழு ஆறாகிவிட்டது.

அவள் காலித் தடுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை வாங்கப் போனேன், தரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இனிமே எதுல சவாரி பண்ணுவே?" என்று கேட்டேன்.

அவள் வாட்சைப் பார்த்தாள். "பஸ் இருக்குல்ல?" என்றாள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரக் கிளம்பிப் போனாள்.