பிச்சைமணியின் பகல் உறக்கம்

பிச்சைமணி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் மகள் சுமாவுக்கு மாப்பிள்ளை பேசிய அன்று. தோப்பும்படி ஐஸ் மில்லில் ராத்திரி வேலை, குடி கிடையாது, வாயைத் திறந்தால் மட்டும் காது வலிக்கும் என்றார் தரகர். ஒன்றும் பொய்யில்லை.

ஐஸ் கட்டியை மிஷினில் தள்ளி நொறுக்குகிற இடத்தில் கத்தினால்தான் அடுத்தவனுக்குக் கேட்கும். அந்தக் குரலை இறக்கிவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது. சாயா கேட்டால்கூட, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தே என்ன சண்டை என்று எட்டிப் பார்க்கும். அதனால் வெளியாட்களிடம் தலையாட்டலோடு சரி. காலையில் வந்து கஞ்சி குடித்து, துண்டைக் கண்ணுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஜன்னலோரம் படுத்தால் வெயில் சாய்ந்துதான் எழுவார். வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான். பகலில் சுமா எர்ணாகுளத்துத் துணிக்கடையில் இருப்பாள்.

போன வருஷம் காலேஜ் பிள்ளைகள் வந்து, சந்தில் எல்லாரும் உட்கார ஒரு பெஞ்சு செய்யப் போகிறோம், எப்படி வேண்டும், எங்கே வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். பகல் கூட்டம். போய் வந்த என் மருமகள் விஜிதான் சொன்னாள். பெஞ்சு வேண்டுமென்று எல்லாரும் கை தூக்கினார்களாம். முகம் பார்த்துப் பேச வசதியாக வளைத்துச் செய்யுங்கள் என்றும் கேட்டார்களாம். எங்கே என்று சாக்பீஸைக் கையில் கொடுத்ததும், என் வாசலில் ஸ்கூட்டர் நிற்கும், என் வாசலில் மீன்காரி கூடை இறக்குவாள் என்று ஆளுக்கொரு காரணம். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு வாசல் மூடிக் கிடந்தது. அங்கே கோடு போட்டார்கள். பிச்சைமணி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்.

பெஞ்சு நன்றாகத்தான் அமைந்தது. காலையிலிருந்து ஆள் ஒழியாது. முழங்கால் வலிக்கு நானும் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் அந்த ஜன்னல் வழியாக உள்ளே போனது.

பிச்சைமணியின் கண் சிவந்துகொண்டே வந்தது. ஒருநாள் வேலையில் கண் அசந்து, கை மிஷின் வாய்வரை போய்விட்டதாம். பக்கத்தில் நின்றவன் பிடித்து இழுத்திருக்கிறான். பெஞ்சில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாப்பிள்ளை என்றேன்.

"நான் என்ன சொன்னாலும் சண்டைக்கு வந்த போல இருக்கும் அத்தே. உறக்கம் எனக்குத்தானே, பெஞ்சு எல்லாருக்கும்."

மழைக்கு முன்னால், அந்தப் பிள்ளைகளில் அஞ்சனா என்ற பெண் வீடு வீடாக வந்தாள். யாருக்காவது இடைஞ்சல் என்றால் இப்போதே சொல்லுங்கள், கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடலாம் என்றாள். பிச்சைமணி கதவைத் திறந்து நின்றார். பெஞ்சில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முடிந்தமட்டும் குரலை அடக்கினார்.

"நல்ல பெஞ்சு மோளே."

அவள் சந்தோஷமாக அடுத்த வீட்டுக்குப் போனாள். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தோம்.

சுமா இங்கேதான் இருக்கிறாள். பிச்சைமணி இப்போது தோப்பும்படியில், ஐஸ் மில்லுக்கு மேலே உள்ள அறையில் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்.