ஜமீன்தார் எழுந்து நின்றார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் பம்பு கம்பெனி ஆண்டு விழாவுக்கு நாடகம் என்று முடிவானதும், ஜமீன்தார் வேஷத்துக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. நானே சொல்வது தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் குரல் உண்டு, உயரம் உண்டு, ஒட்டுமீசை வைத்தால் எடுப்பாக இருக்கும் முகமும் உண்டு.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. ஒரு ஜட்கா வண்டிக்காரன் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜமீன்தார் என்று புளுகி, பெரிய வீட்டில் பெண் பார்க்கப் போகிறான். பாதி வசனம், பாதி பாட்டு. எழுதியதும் மெட்டுப் போட்டதும் நாங்களே என்பதால், ஆளுக்கொரு பாட்டு வைத்தாக வேண்டியிருந்தது.

பெரிய வீட்டுப் பெண்ணாக நடித்தவள் பம்புகளைச் சோதிக்கும் லேபில் வெள்ளைக் கோட்டு போடுகிறவள், நிரந்தர வேலை. நான் அசெம்பிளி லைனில் நீலச் சட்டை, கான்ட்ராக்ட். நாடகத்துக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே நாங்கள் காதலித்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பா பொதட்டூர்பேட்டைக்காரர், நெசவாளர் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கான்ட்ராக்ட் மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று நின்றவர், மகளின் பிடிவாதம் தாங்காமல், நாடகத்துக்கு வந்து ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். மற்றவர்களுக்கு அது ஆண்டு விழா. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம்.

பாட்டும் வசனமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொந்தரவு கொடுத்தது கால்கள்தான். சூப்பர்வைசர் வந்தால் நீலச் சட்டைக்காரர்கள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட வேண்டும். எந்த போர்டிலும் எழுதி ஒட்டாத சட்டம் அது. ஆறு வருஷத்தில் கால்கள் என்னைக் கேட்காமலே எழப் பழகிவிட்டன. நாடகத்தில் எனக்கு மோர் கொண்டுவரும் பெரிய வீட்டு வேலைக்காரனாக நடித்தவர் அதே சூப்பர்வைசர். ஒத்திகையில் அவர் தட்டோடு நுழைவார், நான் சட்டென்று எழுந்து நிற்பேன்.

“குந்துடா டேய், நான் இங்க வேலக்காரன்டா.”

“சாரி சார்.”

“சார்னு வேற சொல்ற. இன்னா ஜமீன்தார்டா நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “எங்கப்பா முன்னாடி இப்டி ஏந்து நின்னே, அவ்ளோதான்,” என்றாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விழா அன்று அங்கவஸ்திரத்தால் என் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முதல் பாட்டுக்கே நல்ல கைதட்டல். முன்வரிசையில் அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் மோரோடு வந்தார். நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது.

சிரிப்பில் பந்தலே குலுங்கியது. கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் விடவில்லை. முதுகில் நாற்காலியோடு, “மோர் கொடுக்கும் கைக்கு எங்க ஜமீனே எழுந்து நிற்கும்” என்று வாய்க்கு வந்ததைப் பாடினேன். அவள் அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்தாள். பெரிய வீட்டு எஜமானாக நடித்தவரும் வேறு வழியில்லாமல் எழுந்தார். அன்றைக்கு அதுதான் ஹிட் பாட்டு.

நாடகம் முடிந்ததும் அவள் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார்.

“அந்த எடம் நாடகத்துல இருக்குதா தம்பி?”

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் மேடையில் புளுகியவனுக்கு இன்னொரு புளுகு பெரிய விஷயமில்லை. ஆனால் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

“இல்ல சார். மோர் குடுத்தவரு எங்க சூப்பர்வைசரு. பழக்கத்துல ஏந்துட்டேன்.”

அவர் என் ஒட்டுமீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சங்கத்துல செகரட்டரி வந்தா நானும் அப்டித்தான் ஏந்து நிப்பேன். முப்பது வருஷம். என் பொண்ணக் கட்றவன் உக்காந்துக்கினு பேசறவனா இருக்கணும்னு ஆசப்பட்டேன்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் முழங்கால் மேல்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் லைனுக்கு வந்தார். எனக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல்கள் நகரும் சத்தம் கேட்டது. நான் இரண்டு காலையும் ஸ்டூலின் கம்பியில் பின்னிக்கொண்டு, கையிலிருந்த பம்பின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே லேபின் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

“இன்னா, ஜமீன்தார் இன்னும் எறங்கலியா?” என்றார் சூப்பர்வைசர்.

“வேல நடக்குது சார். எத்தினி பீஸ் வேணும், சொல்லுங்க,” என்றேன், உட்கார்ந்தபடியே.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான். ஆறு வருஷம் நான் பயந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, “ஏந்துக்கலப்பா” என்று சொன்னாளாம். அவர், “ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரச் சொல்லு,” என்றாராம்.

போனேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து அவரே சொம்பில் மோர் கொண்டுவந்தார். நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“குந்துங்க மாப்ள,” என்றார்.